பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் இடையே

கோலாலம்பூரின் செந்தூலில் வசிப்பதாகச் சொல்லும் நண்பர் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்று சுவிசேஷத்தில் லூக்கா எழுதுகிறாரே, கடவுளாக இருப்பவர் எப்படி வளர முடியும் என்பது முதலாவது. பன்னிரண்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் அவர் எங்கே இருந்தார், அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து கற்றார் என்று கைப்பேசியில் சுற்றிவரும் காணொளி உண்மையா, சுவிசேஷகர்கள் அதை ஏன் மறைத்தார்கள் என்பது இரண்டாவது. ஞானஸ்நானம் பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும், சபையார் சிறு குழுவாகக் கூடி ஜெபிக்கும் செல் குழுவில் மற்றவர்கள் வாரந்தோறும் சாட்சி சொல்லும்போது தமக்குச் சொல்ல ஒன்றுமில்லை, விசுவாசம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இதுதான் பின்மாற்றமா, அதாவது விசுவாசத்திலிருந்து வழுவிப்போவதா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார். அவர் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதல் இரண்டைத் தாண்டிக்கொண்டு அதற்கு நேராகப் போக முடியாது. மூன்றுக்கும் விடை லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களில் தொடங்குகிறது.

நான் போதகர் அல்லன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு நடத்தி வருகிறேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசிக்கும் அளவுக்குக் கிரேக்கம் கற்றிருக்கிறேன். என் பேச்சு சீர்திருத்தச் சபைகளின் வழியில் வளர்ந்தவனின் பேச்சு. கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தே சபையாரோ சில இடங்களில் வேறுவிதமாகச் சொல்வார்கள். அந்த இடங்களை முடிந்தவரை குறிப்பிடுகிறேன். வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "சார், இயேசு வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணினாரா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கடவுள், அவருக்கு எல்லாம் பிறவியிலேயே தெரியும் என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். பக்தியாகத் தோன்றிய அந்த விடை தவறானது. அதைத் தவறென்று புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தப் பையன் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

லூக்கா என்ன எழுதுகிறார் என்று முதலில் பார்ப்போம். இயேசுவின் இளமையைப் பற்றி அவர் ஒரே மாதிரியான இரண்டு வாக்கியங்களைத் தருகிறார். நாற்பதாம் வசனம் குழந்தையைப் பற்றியது: "பிள்ளை வளர்ந்து, ஆவியிலே பெலன்கொண்டு, ஞானத்தினால் நிறைந்தது." ஐம்பத்திரண்டாம் வசனம் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளையைப் பற்றியது: "இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்." பழைய ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வாக்கியம் எங்கோ கேட்டதுபோல் இருக்கும். ஆலயத்தில் வளர்ந்த சாமுவேலைப் பற்றி 1 சாமுவேல் 2:26 ஏறத்தாழ இதையே சொல்கிறது. லூக்கா அதை அறிந்தே எதிரொலிக்கிறார் என்பதில் பெரும்பாலான உரையாசிரியர்களுக்கு ஐயமில்லை. இங்கே "வளர்த்தி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு தரும் ஹெலிக்கியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வயது, உடல் உயரம் என இரு பொருளும் உண்டு. "விருத்தியடைந்தார்" என்பதன் மூலமான புரோகோப்தோ, ஒழுக்கத்திலும் அறிவிலும் படிப்படியாகத் தேறுவதைக் குறிக்க அக்காலத் தத்துவ ஆசிரியர்கள் வழங்கிய சொல். உயரம் கூடியது போலவே ஞானமும் கூடியது என்றுதான் வாக்கியம் நிற்கிறது. உயரத்தை மட்டும் உண்மையான வளர்ச்சி என்றும் ஞானத்தை ஒப்புக்குச் சொன்னது என்றும் பிரித்துப் படிக்க வாக்கிய அமைப்பு இடம் தரவில்லை.

இதைச் சபை எப்படிப் புரிந்துகொண்டது என்பதில் உறுதியான பகுதியும் இருக்கிறது, விவாதத்துக்குரிய பகுதியும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் அப்பொலினாரி என்ற ஆயர், இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, ஆனால் மனித அறிவின் இடத்தில் தெய்வீக வார்த்தையே, அதாவது குமாரனாகிய கடவுளே இருந்தது என்று கற்பித்தார். இன்றைக்கும் நம்மில் பலர் அறியாமலே அப்படித்தான் நம்புகிறோம். வாய்ப்பாட்டுக் கேள்விக்கு நான் சொன்ன விடையும் அதுதான். 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. அதற்கு அக்காலத்து ஆயர் நசியான்சு கிரகோரி சொன்ன காரணம் சுருக்கமானது: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவும் இல்லை. நம் அறிவும் மனமும் மீட்கப்பட வேண்டுமானால் அவர் மனித அறிவையும் மனத்தையும் ஏற்றிருக்க வேண்டும். மனித அறிவு என்றால் அது கற்றுத்தான் வளரும். 451-இல் கால்சிதோன் சங்கம், அவர் முழுமையான தெய்வமும் முழுமையான மனிதரும் ஆவார், இரு தன்மைகளும் கலக்கவும் இல்லை, பிரியவும் இல்லை என்று வரையறுத்தது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட் ஆகிய எல்லோருக்கும் இதுவரை பொது. ஆகவே இயேசு உண்மையாகவே வளர்ந்தார் என்பது உறுதி.

எப்படி வளர்ந்தார் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. தமக்குள் ஏற்கெனவே இருந்த ஞானத்தை அவர் வயதுக்கு ஏற்றபடி கொஞ்சங் கொஞ்சமாக வெளிப்படுத்தினார், அதைத்தான் லூக்கா வளர்ச்சி என்கிறார் என்பது ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அலெக்சாந்திரியா சிரிலின் விளக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ், கடவுளை நேரில் காணும் அறிவு இயேசுவுக்குக் கருவிலிருந்தே இருந்தது என்று சொல்லிக்கொண்டே, அனுபவத்தால் பெறும் அறிவில் அவர் மெய்யாகவே வளர்ந்தார் என்றும் எழுதினார். முன்பு தாம் வேறுவிதமாக எழுதியிருந்ததாக அந்த இடத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். அத்தனை பெரிய அறிஞர் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டதைப் படித்த நாளில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிலிப்பியர் 2:7-இல் வரும் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்ற சொற்களை ஆதாரமாகக் கொண்டு, மனிதராக வாழ்ந்த காலத்தில் சில தெய்வீக ஆற்றல்களைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்தார் என்று சொல்வோர் பிற்காலத்தவர். கடைசி நாளின் நேரத்தைக் குமாரனும் அறியார் என்று அவரே சொன்னதாக மாற்கு 13:32 எழுதுவதால், இந்தக் கடைசி விளக்கத்தின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனால் அது என் சாய்வு மட்டுமே; அதைச் சபையின் போதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். வளர்ந்தார் என்றால் முன்பு குறையுள்ளவராக இருந்தார் என்று பொருளாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். எபிரெயர் 5:8, அவர் குமாரனாயிருந்தும் "பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்கிறது. அதே நிருபம் 4:15-இல் அவர் பாவமில்லாதவர் என்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய கீழ்ப்படிதல் ஒன்று, பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் கேட்கப்பட்ட கீழ்ப்படிதல் வேறொன்று. முதலாவது முழுமையாக இருந்தாலும் அது இரண்டாவதாக ஆகிவிடாது. இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் இரேனியு, இயேசு குழந்தைகளுக்காகக் குழந்தையும் இளைஞருக்காக இளைஞருமாகி ஒவ்வொரு வயதையும் பரிசுத்தப்படுத்தினார் என்று எழுதியதை இதற்கு நல்ல விளக்கமாகக் கருதுகிறேன். இந்தத் தர்க்கத்தை அவர் ஓரடி கூடுதலாக இழுத்து, இயேசு ஐம்பது வயதை நெருங்கும் வரை வாழ்ந்தார் என்றும் சொல்லிவிட்டார். அதை யாரும் ஏற்கவில்லை.

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் நடந்ததை ஞாயிறு பள்ளிச் சுவர்ப்படங்களில் பார்த்திருப்பீர்கள்: நடுவில் சிறுவன் கையை உயர்த்திப் போதிக்க, வெண்தாடி வைத்த பெரியவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். லூக்கா எழுதியது வேறு. பெற்றோர் அவரைக் கண்டபோது அவர் போதகர் நடுவில் உட்கார்ந்து, "அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும், அவர்களை வினாவவும்" இருந்தார். முதலில் கேட்கிறார், பிறகு வினவுகிறார். அவருடைய மறுமொழிகளைக் கண்டு எல்லோரும் வியந்தது அதற்கு அடுத்த வசனம். யூதக் கல்வி முறையில் வினவுவது மாணவனின் வேலை. இது யூதச் சிறுவன் மதக் கடமைகளை ஏற்கும் பார் மிட்ஸ்வா சடங்கு என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது பொருந்தாது. பதின்மூன்று வயதில் கட்டளைகளுக்குப் பொறுப்பாகும் வழக்கத்தைக் கிபி 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத மரபுச் சட்டத் தொகுப்பு குறிப்பிடுகிறது; சடங்காக அது உருவானது இடைக்காலத்தில்தான். நிகழ்ச்சியின் முடிவு அதைவிட முக்கியம். "என் பிதாவுக்கடுத்தவைகளில்" இருக்கவேண்டியது என்று தம் அடையாளத்தைச் சொன்ன பிள்ளை, அதன் பிறகு ஆலயத்திலேயே தங்கிவிடவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேலான வழியைத் திரும்ப நடந்து, நாசரேத்துக்குப் போய், பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் மௌனம். மறைத்தார்கள் என்று சொல்வதற்கு முன், அந்த நூல்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். மாற்கும் யோவானும் இயேசுவின் பிறப்பையே எழுதவில்லை. மாற்குவின் பதினாறு அதிகாரங்களில் பதினொன்றிலிருந்து கடைசி வரை எருசலேமின் கடைசி வாரமும் உயிர்த்தெழுதலும்தான். ஒருவருடைய வாழ்வைப் பள்ளிப்பருவம், வாலிபம் என்று வரிசையாக நிரப்பும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. தாங்கள் அறிவிக்க வந்த செய்திக்கு வேண்டியதை எழுதினார்கள். ஆனாலும் அந்த ஆண்டுகளைப் பற்றி மறைமுகமான சாட்சி ஒன்று உண்டு. அதைச் சொல்பவர்கள் நாசரேத்தின் அக்கம்பக்கத்தார். அவர் ஊருக்குத் திரும்பி ஜெப ஆலயத்தில் போதித்தபோது அவர்கள் இவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று திகைத்து, "இவன் தச்சன் அல்லவா?" என்று கேட்டதாக மாற்கு 6 எழுதுகிறது. தாயின் பெயர், சகோதரரின் பெயர்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யோவான் 7:15-இல் எருசலேமில் இருந்த யூதர்கள், கல்லாதவர் வேத எழுத்துகளை எப்படி அறிந்தார் என்று கேட்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் கற்றுத் திரும்பியவனைப் பார்த்து எந்த ஊரும் இப்படித் திகைக்காது. அங்கே போனானே, அங்கே கற்றிருப்பான் என்றுதான் சொல்லும்.

இந்தியக் கதையின் பிறப்பும் நமக்குத் தெரியும். 1894-இல் நிக்கொலாய் நோட்டோவிச் என்ற ருஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் "ஈசா" என்பவரின் வரலாற்றைச் சுவடிகளிலிருந்து தமக்கு வாசித்துக் காட்டினார்கள் என்று பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் அதை மறுத்து எழுதினார். 1895-இல் ஆக்ராவில் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் ஹெமிசுக்கே போய் மடத்தின் தலைமை லாமாவிடம் கேட்டபோது, அப்படி ஒரு சுவடி இல்லை, அப்படி ஒருவர் வந்து வாசிக்கக் கேட்டதும் இல்லை என்று அவர் சொன்னார். பின்னர் வேறு சில பயணிகளும் அதே கதையைச் சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கும்படி மூலச்சுவடி எதுவும் வெளிவந்ததில்லை. நம் மக்கள் இதை எளிதில் நம்புவதற்கு ஒரு காரணம், அப்போஸ்தலன் தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்ற பழமையான மரபு நம்மிடம் இருப்பது. சீடர் வந்ததாகச் சொல்லும் மரபு வேறு, ஆசிரியர் வந்தார் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை வேறு. காணொளி அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். மாற்கு 6-ஐ மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆண்டுகளைப் பற்றி ஊகமாகச் சொல்லத்தக்கவையும் சில உண்டு. தச்சன் என்று நாம் படிக்கும் தெக்டோன் என்ற சொல், மரவேலையோடு கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும். நாசரேத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்தில் செப்போரிஸ் என்ற நகரத்தை, கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அந்தக் காலத்தில் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்தான். யோசேப்பும் இயேசுவும் அங்கே வேலைக்குப் போயிருக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் சுவிசேஷங்களில் அந்த நகரத்தின் பெயர்கூட வரவில்லை. யோசேப்பு ஆலய நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கும் தோன்றாததால் அவர் இடையில் இறந்திருக்க வேண்டும், மூத்த மகன் குடும்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும் என்பதும் நியாயமான ஊகம், ஊகம்தான். சிறுவன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்கவிட்டார் என்பன போன்ற கதைகள் இரண்டாம் நூற்றாண்டு அளவில் எழுந்தவை. அவற்றில் வரும் சிறுவன் கோபத்தில் தோழர்களைச் சபிக்கவும் செய்கிறான். லூக்காவின் அமைதியைப் பொறுக்கமாட்டாமல் யாரோ அந்த இடைவெளியை அற்புதங்களால் நிரப்பப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த அமைதியைத்தான் உங்கள் மூன்றாவது கேள்வியின் அருகில் வைக்க விரும்புகிறேன். லூக்காவை ஒரே மூச்சில் வாசித்தால் ஒரு சிறு தொடர் மூன்று முறை கண்ணில் படும். பன்னிரண்டு வயதில் குடும்பம் பண்டிகையின் வழக்கப்படி எருசலேமுக்குப் போகிறது. முப்பது வயதுக்குப் பிறகு, தாம் வளர்ந்த நாசரேத்தில் "தம்முடைய வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குள் போகிறார். பிடிபட்ட இரவில் "வழக்கத்தின்படியே" ஒலிவமலைக்குப் போகிறார். முதலாவது பெற்றோர் பழக்கியது, இரண்டாவது அவருடையதாகிவிட்டது, மூன்றாவது மரணத்தின் முன்னாலும் அவரைத் தாங்கியது. பதினெட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று லூக்கா சொல்லாவிட்டாலும், அவற்றில் என்ன உருவானது என்பதை இந்தச் சொல்லால் காட்டிவிடுகிறார். வாரந்தோறும் ஓய்வுநாள் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ தொள்ளாயிரம் முறை அவர் அந்தச் சிற்றூரின் ஜெப ஆலயத்தில் உட்கார்ந்து, சுமாராகப் பேசுகிறவர்களின் விளக்கங்களையும் கேட்டிருப்பார். நம் சபைகளில் மூன்றாவது வாரமே பிரசங்கம் சரியில்லை என்று முகம் சுளிக்கிறோம்.

விசுவாச வளர்ச்சியைப் பற்றிப் புதிய ஏற்பாடு பேசும்போது லூக்காவின் இதே சொற்களைத்தான் எடுக்கிறது. எபேசியர் 4:13-இல் கிறிஸ்துவினுடைய நிறைவான வளர்ச்சியின் அளவு என்று வரும் இடத்தில் நிற்பது அதே ஹெலிக்கியா. 1 தீமோத்தேயு 4:15-இல் "நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி" என்பதில் உள்ள தேறுதல், இயேசு விருத்தியடைந்தார் என்ற வினையின் பெயர்ச்சொல் வடிவம். யாவருக்கும் விளங்கும்படி என்று இருக்கிறதே தவிர, உனக்கு விளங்கும்படி என்று இல்லை. தன் உயரம் கூடியதைப் பிள்ளை தானாக அறிவதில்லை. சட்டை குட்டையானதைத் தாய் பார்க்கிறாள். சீடர்கள் எங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும் என்று கேட்டபோது, இயேசு அதை அளந்து கூட்டிக் கொடுக்கவில்லை, கடுகுவிதையைக் காட்டினார். மாற்கு 4-இல் மட்டுமே வரும் ஓர் உவமையில், விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்து வளருகிறது. நிலம் "தானாய்" முதலில் முளையையும், பின்பு கதிரையும், பின்பு நிறைந்த தானியத்தையும் தருகிறது. மூன்று நிலைகளிலும் பயிர் உயிரோடுதான் இருக்கிறது. முளையாக இருக்கும் நாளில் கதிரைத் தேடினால் ஏமாற்றம்தான்.

என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டுத் தொழிலாளி. புதிதாக நட்ட காட்டில் மரங்களை வெட்டுக்கு எடுப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி மரத்தின் உயரத்தைப் பார்ப்பதில்லை. அடிமரத்தில் நாடாவைச் சுற்றி, ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். உயரமாக, பச்சையாக நிற்கும் மரமும் சுற்றளவு வராவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். சாட்சிக் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் உயரத்தை அளக்கிறோம் என்பது என் கருத்து. உங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பவற்றில், பதினோரு ஆண்டுகளாக ஆராதனையை விடவில்லை, உடல்நலம் குன்றிய மாமியாரைக் கவனித்துக்கொள்கிறீர்கள், முன்பு பேசாமல் இருந்த அண்ணனோடு சமாதானமாகிவிட்டீர்கள் என்பவையும் இருக்கின்றன. இவற்றை விசுவாசத்தின் கணக்கில் நீங்கள் சேர்க்கவே இல்லை.

உணர்ச்சி இல்லாமை பின்மாற்றத்தின் அடையாளமா என்றால், தானாக அப்படி ஆகாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1738 மே 24-ஆம் நாள் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இருதயம் அனலடைந்ததாக எழுதியது எல்லா மெதடிஸ்ட் பிள்ளைகளுக்கும் தெரியும். 1739 ஜனவரி 4-ஆம் நாள் நாட்குறிப்பில், தாம் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்றே அவர் எழுதியிருப்பதை யாரும் கற்பிப்பதில்லை. அந்த ஆண்டிலேயே அவர் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றைக் கிருபையின் சாதனங்கள் என்று அவர் விடாமல் வலியுறுத்தியதை, உள்ளம் அனலாக இல்லாத நாள்களையும் அறிந்த ஒருவரின் அறிவுரையாகவே நான் படிக்கிறேன். என் மனைவி நோயுற்றிருந்த ஆண்டில் எனக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட ஜெபிக்க வரவில்லை. சங்கீதங்களை வரிசையாக வாசித்தேன். 88-ஆம் சங்கீதம் பெரும்பாலான புலம்பல்களைப் போல நம்பிக்கைக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அது வேதத்துக்குள் இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த நாளில் ஜெபம் திரும்பி வந்தது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-இல் கதறிய தகப்பனின் விசுவாசத்தை இயேசு அளந்து பார்க்கவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

இந்த இடத்தில் என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெந்தெகொஸ்தே மரபில் வளர்ந்தவர்கள், ஆவியானவரின் நிறைவு உணரத்தக்க அனுபவமாக வரும், அதை நாடிக் காத்திருக்க வேண்டும் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது வராதவரை வளர்ச்சியே இல்லை என்ற முடிவை லூக்காவிலிருந்து எடுக்க முடியாது. கத்தோலிக்க நண்பர்கள், உறுதிப்பூசுதலிலும் நற்கருணையிலும் கிடைக்கும் அருளைப் பற்றி என்னைவிட உறுதியாகப் பேசுவார்கள். காணிக்கை குறைந்ததால்தான் உங்கள் விசுவாசம் வளரவில்லை என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து தள்ளியே இருங்கள். இன்னொன்று: வெறுமை ஜெபத்தில் மட்டும்தானா, அல்லது தூக்கம், பசி, வேலை, பிள்ளைகளோடு பேசுவது என எல்லாவற்றிலும் படர்ந்திருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் அது விசுவாசக் குறை அல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். என் வகுப்பில் படித்த ஒருவருக்கு நான் வேத வசனங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது மருந்து. அதை முதலில் கண்டுகொண்டவர் அவருடைய அக்காள்.

செல் குழுவில் என்ன செய்வது என்பதும் உங்கள் மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்தில், இந்த வாரம் எனக்கு ஒன்றும் இல்லை, கேட்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். ஆலயத்தில் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதலில் செய்தது அதுதான். சொன்ன பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் வாசிக்க மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் அதிகாரமாக அல்லாமல், ஒரு சனிக்கிழமை மாலையில் முழுவதையும் சத்தமாக வாசித்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் 1995-இல் வந்த, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் வாசியுங்கள். சபை வேறு என்பதற்காகத் தயங்க வேண்டாம். 16:8-க்குப் பிறகு நடை திடீரென்று மாறுவதாகத் தோன்றினால் அது உங்கள் கற்பனை அல்ல. மிகப் பழமையான இரண்டு முழுக் கையெழுத்துப் படிகளில் மாற்கு, கல்லறையை விட்டுப் பயந்து ஓடிய பெண்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற அந்த வசனத்தோடு நின்றுவிடுகிறது. ஏன் என்பது வேறொரு நீண்ட விவாதம். வாசித்து முடித்த பின் கேளுங்கள், எழுதுகிறேன்.